வார்டு சிஸ்டர்களுக்கு ஒரு நர்சிங் மாணவியின் திறந்த மடல்

அன்புள்ள சிஸ்டர்களுக்கு, வணக்கம்.

நான் பி.எஸ்சி நர்சிங் ஆறாவது செமஸ்டர் படிக்கிறேன். காலையில் வெள்ளை கோட்டோடு கும்பலாக வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரம் ஒதுங்கி நிற்கிறோமே, அந்தக் கும்பலில் ஒருத்தி. நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

லேபில் பொம்மைக் கையில் எத்தனையோ தடவை கேனுலா, அதாவது மருந்து ஏற்ற ரத்த நாளத்தில் செருகும் மெல்லிய குழாய், போட்டுப் பழகிவிட்டோம். பொம்மை கையை இழுக்காது, 'ஸ்ஸ்' என்று முனகாது. இரண்டாம் வருஷ வார்டுப் பயிற்சியில், போஸ்டிங் என்போம், ஒரு நோயாளிக்கு நரம்பு தவறிப்போனது. அங்கிருந்த சிஸ்டர் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, "உங்களையெல்லாம் யாருதான் அனுப்புறாங்களோ" என்று வார்டே கேட்கச் சொன்னார். அதற்கப்புறம் நான் கிட்டே போனாலே அந்த அம்மா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அந்த போஸ்டிங் முடியும்வரை டெம்பரேச்சர் பார்ப்பதும் பெட் போடுவதுமாகவே ஓட்டினேன்.

போன மாதம் பெண்கள் மெடிக்கல் வார்டு. சர்க்கரை நோயோடு காலில் புண்ணுமாக ஒரு ஆயா, குத்திக் குத்திக் கையெல்லாம் கன்றிப்போயிருந்தது. இன்சார்ஜ் சிஸ்டர் நீல நிற 22 சைஸ் கேனுலாவை என்னிடம் கொடுத்து, "நீ போடு, நான் இங்கதான் நிக்கிறேன்" என்றார். வயதானவர்களுக்கு நரம்பு வழுக்கிக்கொண்டு ஓடும், தோலைக் கீழ்ப்பக்கமாக இழுத்துப் பிடி, ரொம்பச் சாய்வாகப் போ என்று காதோரமாகச் சொல்லிக்கொடுத்தார். கேனுலாவின் பின்பக்கம் ஒரு சொட்டு ரத்தம் ஏறியதைப் பார்த்ததும், நரம்பு கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், கையில் இறுக்கிக் கட்டிய டோர்னிக்கெட் பட்டையை அவிழ்க்க மறந்துவிட்டேன், சிஸ்டர் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு விரலால் அதைத் தளர்த்திவிட்டார். ஆயாவுக்கு நான் மறந்ததே தெரியாது. மறுநாள் மருந்து ஏற்றப் போனபோது, "நேத்து போட்ட கண்ணு நீதானே, நீயே போடு" என்று கையை நீட்டினார்.

எனக்குத் தைரியம் அன்றைக்குத்தான் வந்தது. இப்போது நரம்பு கிடைக்காவிட்டால், ஒரு தடவைக்கு மேல் குத்தாமல், "சிஸ்டர், வர்றீங்களா" என்று கூச்சமில்லாமல் கேட்கிறேன். முன்பென்றால் கேட்கவும் பயந்து இன்னொரு தடவை குத்தியிருப்பேன், வலி நோயாளிக்குத்தான்.

உங்கள் சுமை தெரியாமல் இதைச் சொல்லவில்லை. ஒரு கையில் கேஸ் ஷீட், இன்னொரு கையில் டிரிப்ஸ் பாட்டில் என்று சாப்பிடக்கூட உட்காராமல் ஓடுகிறீர்கள், தினமும் பார்க்கிறேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கல்லூரி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சரி. நர்சிங் கவுன்சில் கணக்கே பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர். அந்தப் பத்துப் பேரும் நாலு வார்டில் பிரிந்து கிடக்கும்போது அவரும்தான் எத்தனை கட்டிலருகே நிற்பார்? குத்துகிற நேரத்தில் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். முதல் இரண்டு மூன்று தடவை மட்டும் கூட நில்லுங்கள். தப்பு செய்தால் திட்டுங்கள், ஆனால் நோயாளி முன்னால் வேண்டாம், டியூட்டி ரூமுக்குக் கூப்பிட்டுத் திட்டுங்கள்.

அடுத்த வாரம் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களும் சுவரோரம்தான் நிற்பார்கள். டிராலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒருத்தியைக் கூப்பிட்டுக் கூட நிறுத்திக்கொள்ளுங்கள், சிஸ்டர்.

இப்படிக்கு,
உங்கள் வார்டு மாணவி