ரேட் ராட் நடுவர்களே, டிரக்குக்கு அடியிலும் பாருங்கள்

அமெரிக்காவில் ரேட் ராட் (rat rod: பழைய வண்டிகளை வெட்டி ஒட்டி, துருவும் பெயின்ட் இல்லாத தோற்றமும் தெரியக் கட்டும் வண்டி) கண்காட்சிகளை நடத்துவோருக்கும், பரிசுக்குரிய வண்டியைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

பிக்கப் பிரிவில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டுகிறோம். பரிசுக்கு நிற்கும் டிரக், டிரெய்லரில் ஏறி வராமல் தன் சக்கரத்தில் ஓடி வந்திருக்க வேண்டும். மதிப்பெண் போடுவதற்கு முன் அதைத் தூக்கி நிறுத்தி அடிப்பக்கத்தைச் சோதிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழைய ஃபோர்டுகளை வெட்டி ஒட்டிய இளைஞர்கள் அவற்றைக் காட்சிக்கு வைக்கச் செய்யவில்லை. வார நாளில் வேலைக்குப் போகவும், விடுமுறையில் வறண்ட ஏரிப்படுகையில் விரட்டவும் செய்தார்கள். பெயின்ட் அடிக்காததற்குக் காரணம், காசு எஞ்சினுக்குப் போனதுதான். அந்த மரபைச் சொந்தம் கொண்டாடும் வண்டி ஓடித்தான் ஆக வேண்டும். ஆனால் பல கண்காட்சிகளில் துருவின் நிறத்துக்கும் கூரையை எத்தனை அங்குலம் வெட்டித் தாழ்த்தினார்கள் என்பதற்கும் மதிப்பெண் கிடைக்கிறது. பிரேக் குழாயை யாரும் கேட்பதில்லை.

அடியில் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

முதலில் சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம். 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ பிக்கப்பின் சட்டம் 40 குதிரைத்திறன் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. அதில் பல மடங்கு வலுவான செவர்லே 350 வி8 எஞ்சின் ஏறினால் திறந்த சட்டம் முறுக்கிக்கொள்ளும். உட்புறம் தகடு வைத்துப் பெட்டியாக மூட வேண்டும். இல்லையேல் 2-க்கு 4 அங்குலச் செவ்வகக் குழாயில் புதிதாகக் கட்ட வேண்டும். வண்டியைத் தாழ்த்தச் சட்டத்தை இசட் வடிவில் வெட்டி உயர்த்தும் இடம்தான் மிகவும் ஆபத்தானது. நேர்க்கோட்டில் வெட்டி, முட்டவைத்து வெல்டு செய்து, பார்வைக்காகக் கிரைண்டரால் மட்டமாகத் தேய்த்த இணைப்பு விரிசல் விடும். வலுவான இணைப்பில் பக்கவாட்டில் வைர வடிவத் தகடு இருக்கும். வெல்டிங் வரி தேய்க்கப்படாமல் தெரியும். தேய்த்துப் பளபளப்பாக்கிய மூட்டுக்கு நீங்கள் தரும் கூடுதல் மதிப்பெண், கட்டுபவர்களைத் தவறான பக்கம் தள்ளுகிறது.

அடுத்து ஒரு நூலை எடுத்து, ஒரு பக்க ரிம்மின் அடி விளிம்பிலிருந்து எதிர்ப்பக்க டயர் தரையைத் தொடும் இடம் வரை இழுத்துப் பிடியுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே எதுவும் தொங்கக் கூடாது. தொங்கினால், டயர் பஞ்சரான நொடியில் சேஸிஸோ ஆயில் பேனோ சாலையில் உரசும், ஸ்டீயரிங் கைக்கு அடங்காது.

முன் ஆக்ஸிலில் அடிக்கடி கண்ணில் படும் பிழை, உருளைக் குழாய் ஆக்ஸிலோடு பிளந்த விஷ்போனை (ஆக்ஸிலைச் சட்டத்தோடு பிணைக்கும் வி வடிவக் கம்பியை இரண்டாகப் பிரித்தது) சேர்ப்பது. காய்ச்சி அடித்து உருவாக்கிய ஐ-பீம் ஆக்ஸில் கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும். குழாய் ஆக்ஸில் கொடுக்காது. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது அந்த விசை முழுவதும் பிராக்கெட்டில் இறங்கி அதைப் பிய்க்கும். குழாய் ஆக்ஸில் வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு இணைக் கம்பிகள் தாங்கும் நான்கு-பார் அமைப்புதான் சரி. குறுக்கு ஸ்பிரிங்கோடு குறுக்கு ஸ்டீயரிங் இருந்தால் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் பாரும் வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்புவதற்கு முன் ஆக்ஸில் பக்கவாட்டில் நகரும். காஸ்டர் (திரும்பும் அச்சின் பின்சாய்வு) 5 முதல் 7 டிகிரி, டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கும் அளவு) சுமார் 1/8 அங்குலம் வரை. இந்த அளவுகள் தவறி, சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னிலும் ஆட்டம் இருந்தால், நெடுஞ்சாலை வேகத்தில் முன் சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் உதறும். ஸ்டீயரிங் நட்டுகள் ஒவ்வொன்றிலும் ஸ்பிலிட் பின்னோ நைலான் பூட்டு நட்டோ இருக்கிறதா என்று விரலால் தொட்டே பாருங்கள்.

பிரேக்குக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பெடலிலிருந்து பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் இரட்டை அறை கொண்டதா? ஒற்றை அறையில் ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். ரேட் ராடில் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் தரைத்தகட்டுக்கு அடியில், சக்கரத்தில் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும். அதனால் பிரேக் ஆயில் பின்னோக்கி வடிந்து, முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். இதைத் தடுக்க டிஸ்க் பக்கம் 2 பி.எஸ்.ஐ., டிரம் பக்கம் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைக் குழாயில் தேக்கி வைக்கும் ரெசிடுவல் வால்வு வேண்டும். இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் டிஸ்க் பேட் விடாமல் உரசிப் புகையும். கால்பலத்தைப் பெருக்கும் பூஸ்டர் இல்லாத பெடலுக்கு 6-க்கு 1 விகிதம் இருந்தால்தான் சாதாரணக் கால்பலத்தில் வண்டி நிற்கும். குழாய் இணைப்புகளில் இரட்டை ஃப்ளேர் (குழாய் நுனியை இரண்டு மடிப்பாக விரித்த இணைப்பு) தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். தண்ணீர்க் குழாய்க்கான கம்ப்ரெஷன் ஃபிட்டிங் அந்த அழுத்தத்தில் கழன்றுவிடும்.

1947-க்கும் 1955-க்கும் இடைப்பட்ட செவர்லே கேபினை, பிற்காலச் சிறிய செவர்லே பிக்கப்பான எஸ்-10-இன் சேஸிஸில் உட்கார வைத்த டிரக்குகள் உங்கள் மைதானங்களில் ஏராளம். தினசரி ஓட்டத்துக்கு இது நல்ல வழி. டிஸ்க் பிரேக்கும் நவீன ஸ்டீயரிங்கும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஆனால் அரை டன் செவர்லேயின் வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையிலான தூரம்) 116 அங்குலம், குட்டை எஸ்-10க்கு 108.3. அந்த இடைவெளியை ஈடுகட்டச் சட்டத்தை நடுவில் வெட்டி நீட்டியிருந்தால் அந்த வெல்டிங்கைத் தேடிப் பாருங்கள். 117.9 அங்குல நீள எஸ்-10 சேஸிஸைத் தேர்ந்தவருக்கு இந்தத் தலைவலியே குறைவு.

சைலன்சர் குழாய் கதவுக்கு முன்னாலேயே முடிந்தால் பார்க்க அழகுதான். ஆனால் துருப்பிடித்த தரையிலும் எஞ்சின் பக்கச் சுவரிலும் உள்ள ஓட்டைகள் வழியே கார்பன் மோனாக்ஸைடு கேபினுக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது. குழாய் கேபினைத் தாண்டிப் பின்னால் போக வேண்டும், ஓட்டைகள் அடைபட வேண்டும். இதில் எந்தச் சலுகையும் வேண்டாம். சீட் பெல்ட் போல்ட் மெல்லிய தரைத்தகட்டில் மட்டும் நிற்கிறதா, அடியில் தடித்த தகடோ சேஸிஸோ தாங்குகிறதா என்பதையும் பாருங்கள். முன் கண்ணாடியில் ஏ.எஸ்.1 (AS-1) என்ற பாதுகாப்புக் கண்ணாடி முத்திரை இருக்க வேண்டும்.

சோதனை முடிந்ததும் 20 மைல் ஓட்டச் சொல்லுங்கள். பாதி நெடுஞ்சாலை, பாதி நெரிசலான ஊர்ச்சாலை. பானெட் இல்லாத வண்டி சூடாகாது என்று பலர் நம்புகிறார்கள். ரேடியேட்டர் ஃபேனைச் சுற்றிக் கூடு இல்லாவிட்டால், சிக்னலில் நிற்கும்போது காற்று ரேடியேட்டர் வழியே வராமல் பக்கவாட்டிலிருந்து உறிஞ்சப்படும். வெப்பமானி முள் ஏறும்.

துருவைக் காக்க வேகவைத்த ஆளி விதை எண்ணெய் பூசுபவர்களுக்கு மைதானத்திலேயே ஓர் எச்சரிக்கைப் பலகை வையுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீர் நிறைந்த மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும்.

இவை சுதந்திரத்தைப் பறிக்கும் என்பார்கள். நாங்கள் கேட்டதில் எதுவும் துருவையோ தோற்றத்தையோ தொடவில்லை. மாற்றிக் கட்டிய பழைய வண்டிக்காரர்களின் அமைப்பான நேஷனல் ஸ்ட்ரீட் ராட் அசோசியேஷன் 23 அம்சப் பாதுகாப்புச் சோதனையை நடத்துகிறது. அதையே அடித்தளமாக எடுத்துக்கொள்ளலாம். தேறாத வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். காட்சிக்கு நிற்கட்டும், பரிசு மட்டும் வேண்டாம். குறைகளை எழுதிக் கையில் கொடுங்கள்.

அடுத்த பருவத்தின் நுழைவுப் படிவத்தை இலையுதிர் காலத்திலேயே வெளியிட்டால், குளிர்கால மாதங்களில் பட்டறையில் இருக்கும் வண்டிகளை அதற்கேற்பக் கட்டி முடிக்க அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ரேட் ராட் பிக்கப்களைக் கட்டி, அன்றாடம் ஓட்டுவோர்