சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) விஷயமாக வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அண்ணாச்சிமார், அக்காமார், ஆச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் நம் மளிகைக் கடையைப் பற்றி, பெருமாள்புரம் பக்கம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கிளம்பிய ஆடியோ மகாராஜநகரைச் சுற்றி, ஆற்றைத் தாண்டி திருநெல்வேலி டவுன் வரைக்கும் போய், கடைசியில் என் மதினி மூலமாக எனக்கே வந்து சேர்ந்தது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். "ஒரு கிலோ சின்ன உள்ளி வாங்கினேன், வீட்டில் நிறுத்துப் பார்த்தால் 920 கிராம்தான் இருக்கு. இப்படித்தான் வளர்ந்திருக்காங்க போல" என்று அதில் ஓர் அம்மா சொல்கிறார். எடை குறைந்ததை நான் மறுக்கவில்லை. அதற்கு அடுத்துச் சொன்னதுதான் மூன்று நாளாகத் தூங்க விடவில்லை.

சமாதானபுரத்தில் அப்பா கடை வைத்திருந்த காலத்தில் தராசுத் தட்டில் கடைசியாக ஒரு கை அள்ளிப் போடுவார். முள் நம் பக்கம் சாயக்கூடாது, வாங்குகிறவர் பக்கம்தான் சாயவேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கடையில் வளர்ந்தவன் நான்.

உள்ளி விஷயத்துக்கு வருகிறேன். நயினார்குளம் மார்க்கெட்டில் விடிகாலை எடுக்கும் சரக்கு மழைக்காலத்தில் ஈரமாகத்தான் வரும். அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு நிறுத்து வலைப்பையில் போடுகிறோம். ராத்திரி முழுக்க ஃபேன் ஓடும், இல்லாவிட்டால் அழுகிவிடும். மறுநாள் பதினோரு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வரும்போது ஈரம் வற்றி, மேல்தோலும் கொஞ்சம் உதிர்ந்திருக்கும். ஆடியோ வந்த அன்று ராத்திரியே பத்துப் பைகளைச் சரியாக ஒரு கிலோ நிறுத்து வைத்து, மறுநாள் மத்தியானம் திரும்ப நிறுத்துப் பார்த்தேன். அதிகமாகக் குறைந்த பையில் 35 கிராம் குறைந்திருந்தது. 920-க்கு அது போதாது என்று எனக்கும் தெரிகிறது. வீட்டில் கேக் செய்ய வாங்கிய சின்னத் தராசு சரியாகக் காட்டுமா என்று கேட்கலாம்தான். கேட்டால் சண்டை என்பீர்கள். அந்த அம்மா வீட்டுக்கு நானே போய் ஒரு கிலோ உள்ளி கொடுத்துவிட்டு வந்தேன். காபி கொடுத்தார்கள். ஆடியோவைத் திரும்ப எடுக்க முடியாதே, அதுதான்.

அடைத்து வந்த சரக்கையே விற்றால் இந்தத் தொல்லை இல்லையே என்று சிலர் கேட்டார்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரைக்கும் பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கும் பருப்புக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் அது இல்லை. அந்தக் காசு உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இன்னும் மூட்டையைப் பிரித்து நிறுத்துக்கொண்டிருக்கிறோம். கெட்ட பெயரும் அதிலிருந்தே வருகிறது.

சரி, 'வளர்ந்த' கதையையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது கடையில் இருந்தது ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்லும் ஒரு நோட்டும்தான். நீங்கள் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்பினீர்கள். "ரெண்டு தேங்கா, பெருசா" என்று எழுதியிருக்கும். யார் கையெழுத்து என்பதை வைத்தே வீடு தெரியும். 2022-ல் ஆப் வந்தது. செய்து கொடுத்த தம்பி சென்னைக்காரர். வெண்பூசணி, பெரிய வெங்காயம், கொள்ளு, சர்க்கரை என்று பெயர் போட்டுவிட்டார். நம் ஆட்கள் தடியங்காய் என்று தேடுவார்கள், பல்லாரி என்று தேடுவார்கள், காணம் என்று தேடுவார்கள். ஒன்றும் வராது. ஒரு வாரம் ஒரு தடியங்காய்கூட விற்கவில்லை. நமக்குச் சர்க்கரை என்றால் வெல்லம். பொங்கலுக்கு முதல் நாள் சர்க்கரை ஆர்டர் போட்டவர்கள் வீட்டுக்கு வெள்ளைச் சீனி போய் இறங்கியது! அன்றைக்கு வாங்கிய திட்டுக்கு முன்னால் இந்த ஆடியோ ஒன்றுமில்லை. ஆனால் அன்று ஒருவரும் எங்களைத் திருடன் என்று சொல்லவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறக்க முடியாது. தாமிரபரணி ஊருக்குள் வந்த அந்த இரண்டு நாளில் வண்ணார்பேட்டை கோடவுனில் இடுப்பளவு தண்ணீர். அடியில் இருந்த மூட்டையெல்லாம் போய்விட்டது. மேல் வரிசையில் இருந்ததை எங்கே வைப்பது என்று நின்றபோது, பெருமாள்புரத்து டீச்சரம்மா ஒருவர் தன் மாடி ஹாலில் சோபாவை ஓரம் தள்ளி, பழைய சேலைகளை விரித்து அரிசி உலர்த்த இடம் கொடுத்தார். நாலு நாள் அந்த வீட்டில் நடக்க வழியில்லை. முன்பணம் கட்டியிருந்த ஒருவர்கூட அந்த வாரம் போன் செய்து கேட்கவில்லை. உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு ஆர்டர் கூடியது. கூடினால் லாபமும் கூடும் என்று நினைத்து கேடிசி நகரில் இரண்டாவது கோடவுன் பிடித்தேன், ஒரு லோடு ஆட்டோவும் வாங்கினேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மருமகன் அப்போதே சொன்னான். கலிபோர்னியாவில் வெப்வேன் என்று ஒரு கம்பெனி 1996-ல் ஆரம்பித்ததாம். வீட்டுக்கு மளிகை கொண்டுபோகத்தான் அதுவும். ஆர்டர் வருவதற்கு முன்னாலேயே பிரம்மாண்டமான தானியங்கிக் கிடங்குகளைக் கட்டியது. 1999-ல் பங்குச்சந்தைக்கு வந்தது, 2001-ல் திவாலானது. "அவன் கோடிக்கணக்கில் போட்டான், நமக்கென்ன" என்று நான் சிரித்தேன். நம் அளவுக்கு நாமும் அதையேதான் செய்திருக்கிறோம் என்று இப்போது புரிகிறது.

கணக்கு இவ்வளவுதான். 300 ரூபாய்க்கு அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கினால் எனக்கு 30 ரூபாய் நிற்கும். லிட்டர் நூறைத் தாண்டிய பெட்ரோல், பையன் கூலி, பை எல்லாம் சேர்த்தால் ஒரு வீட்டுக்குப் போய்வர அதைவிட அதிகம் ஆகிறது. ஒரே தெருவில் எட்டு வீடு என்றால் பிரச்சினை இல்லை. ரெட்டியார்பட்டியில் ஒரு வீடு, பேட்டையில் ஒரு வீடு என்றால் கையைக் கடிக்கும்.

இப்போது பெரிய கம்பெனி ஒன்றும் வந்திருக்கிறது. அதற்குக் கடை கிடையாது, வாசலில் போர்டு கிடையாது, உள்ளே சரக்கு மட்டும். டார்க் ஸ்டோர் என்கிறார்கள். இருட்டுக்கடையை நெல்லைக்காரனுக்கே புதுசாகச் சொல்லித் தருகிறார்கள், பாருங்கள். நம் இருட்டுக்கடை வாசலில் சாயங்காலம் வரிசையில் நின்று வாங்கினால்தான் அல்வாவுக்கே ருசி. அவர்களோ பத்து நிமிஷத்தில் கொடுக்கிறேன் என்கிறார்கள். என்னால் முடியாது, நான் சொல்லவும் மாட்டேன்.

நம்மிடம் இருந்த மூன்று பையன்களில் இரண்டு பேர் அங்கே போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், சம்பளம் கூட. ஆனால் அவர்கள் தலைக்குள் இருந்த முகவரியெல்லாம் கூடவே போய்விட்டது. வேப்பமர வீடு, நாய் கட்டியிருக்கிற வீடு, காலிங் பெல் அடித்தால் தாத்தா முழித்துவிடுவார் என்பதால் கேட்டை மட்டும் தட்டவேண்டிய வீடு. புதுத் தம்பி மேப்பைப் பார்த்துப் போகிறான். அது அவனை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறது. போனை எடுத்து வழி சொல்லுங்கள், கோபப்படாதீர்கள். பேக்கிங் பார்த்த அக்காவும் மகள் பிரசவத்துக்குப் போனதால் அந்த வாரம் கொஞ்சம் தடுமாற்றம்தான். மேசைத் தராசைச் சோதித்து அரசு வருஷ முத்திரை வைக்கும் தேதியும் அதில் தள்ளிப்போய்விட்டது, இப்போது வைத்தாயிற்று.

இனிமேல் சின்ன உள்ளியும் இஞ்சியும் காலையில்தான் நிறுப்போம், அதுவும் கிலோவுக்கு ஒரு கை கூட. யாருக்குச் சந்தேகம் இருந்தாலும் பையன் கையில் சின்னத் தராசு கொடுத்து அனுப்புகிறேன், வாசலிலேயே நிறுத்து வாங்கிக்கொள்ளலாம். குறைந்தால் அந்தப் பொருளுக்குக் காசு வேண்டாம்.

அப்புறம், வரும் 1-ஆம் தேதி முதல் 500 ரூபாய்க்குக் குறைவான ஆர்டருக்கு 25 ரூபாய் டெலிவரி உண்டு, ஞாயிற்றுக்கிழமை டெலிவரி இல்லை. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு இந்த 25 ரூபாய் கிடையாது. ஆப்பில் போடத் தெரியாவிட்டால் பழையபடி போனில் சொன்னால் போதும், நானே எழுதிக்கொள்கிறேன்.

நாங்கள் கொடுத்த மஞ்சப்பைகள் வீட்டில் சேர்ந்திருந்தால் தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டீச்சரம்மா வீட்டில் மட்டும் பதினெட்டு இருக்கிறதாம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரன்
பாளையங்கோட்டை