பியூஃபர்ட் பயணத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்கும் பியூஃபர்ட்டுக்கும் போய், அடிமையாய்ப் பிறந்து, கப்பலோடு தப்பி, பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ராபர்ட் ஸ்மால்ஸ் நடமாடிய இடங்களைப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பினார்கள். வண்டி ஓட்டிய பெற்றோருக்கும், விடியுமுன் எழுந்து புளியோதரை கட்டித் தந்த அக்காமாருக்கும் முதல் நன்றி. (தயிர்சாதம் பத்தவில்லை என்பது தனிக் கதை.)

துறைமுகத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை சொன்ன நம் மாலுமி அண்ணனை எப்படிப் பாராட்டுவது! அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலம். 1862 மே 13, விடிவதற்கு முன். வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்க, அடிமையாயிருந்த 23 வயது ஸ்மால்ஸ் தெற்குப் படையின் 'பிளான்டர்' நீராவிக் கப்பலைக் கிளப்புகிறார். வழியில் மனைவி ஹன்னாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்கிறார். தலையில் கேப்டனின் வைக்கோல் தொப்பி. தெற்குப் படை காவல் காத்த சம்டர் கோட்டையைக் கடக்கும்போது வழக்கமான சைகைப்படி ஊதல். பீரங்கி எட்டாத தூரம் போனதும் வெள்ளைத் துணியை ஏற்றி, துறைமுகத்தை முற்றுகையிட்டிருந்த வடக்குப் படையிடம் கப்பலை ஒப்படைக்கிறார். "துணிச்சல் மட்டும் போதாது தம்பி. நீரோட்டம், மணல்திட்டு, சைகை எல்லாம் அத்துப்படியாத் தெரியணும். அவருக்குத் தெரியும். கறுப்பர்ங்கிறதால கப்பலுக்கு வழிகாட்டுற பைலட்னு மட்டும் சொல்லமாட்டாங்க, சுக்கான் பிடிக்கிற ஆள்னுதான் சொல்வாங்க" என்றார் அண்ணன்.

ஆனால் இந்தப் பயணத்தின் சாரம் பியூஃபர்ட்டின் டேபர்னக்கிள் பாப்டிஸ்ட் தேவாலயத்தில், ஸ்மால்ஸின் கல்லறை அருகே கிடைத்தது. அந்த ஒரு ராத்திரியோடு கதையை முடித்துவிடாதீர்கள் என்று அங்கிருந்த பெரியம்மா கண்டிப்பாகச் சொன்னார். 1868-இல் மாநில அரசமைப்பு எழுதிய அவையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி வேண்டுமென்று போராடியவர் ஸ்மால்ஸ். 1875-இலிருந்து 1887 வரை, இடையிடையே தோற்றாலும், நாடாளுமன்ற உறுப்பினர். 1895-இல் எழுத்தறிவுச் சோதனை என்ற பெயரில் கறுப்பர்களின் ஓட்டைப் பறிக்க மறுபடி அரசமைப்பு அவை கூடியது. அதில் இருந்த ஆறே கறுப்பினத்தவரில் ஒருவராக எழுந்து எதிர்த்தார், தோற்றார். கப்பலைக் கடத்தியதைவிட இதற்குத்தான் நெஞ்சுரம் அதிகம் வேண்டும் என்பேன். அந்த அம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

1877-இல் ஸ்மால்ஸ்மீது வந்த லஞ்சத் தீர்ப்பையும், பிறகு கிடைத்த மன்னிப்பையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாமென்று வாதாடிய ஆசிரியைக்கும் நன்றி. அவர் சொன்னதே சரி.

பியூஃபர்ட்டின் பிரின்ஸ் தெரு வீட்டுக்குப் பின்னால் அடிமையாய்ப் பிறந்த ஸ்மால்ஸ், பின்னாளில் அதே வீட்டை வாங்கினார். இப்போது தனியார் வீடு என்பதால் தெருவில் நின்றே பார்த்தோம். எங்கள் கூச்சலைப் பொறுத்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும் நன்றி.

படம் எடுத்தவர்கள் அனுப்பிவிடுங்கள். யாருடைய தூக்குவாளியோ ஒன்று என் வீட்டில் இருக்கிறது.

அன்புடன்,
பயண ஒருங்கிணைப்பாளர்