அடுத்த ஜூலையில் உங்கள் பெயரைக் கொடுங்கள்

நியூ ஜெர்சியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். வார இறுதியில் தமிழ்ப் பள்ளி வாசலில் காபியும் கையுமாக நின்று பேசுவோமே, அந்தப் பேச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன். பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், வகுப்பில் பிள்ளைகள் கூட்டம் அதிகம், தீபாவளிக்கு லீவு விடுவதா வேண்டாமா... வாராவாரம் பேசுகிறோம். இதையெல்லாம் முடிவு செய்யும் ஸ்கூல் போர்டு அறைக்குள் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

எங்கள் ஊரில் நூலக ஆசிரியர் வேலையை எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட வாரம்தான் நான் முதன்முதலில் ஸ்கூல் போர்டு கூட்டத்துக்குப் போனேன். கூட்டம் நடந்ததே அந்த நூலகத்தில். நீள மேசைக்குப் பின்னால் ஒன்பது பேர். எதிரே வரிசை வரிசையாக நாற்காலிகள். உட்கார்ந்திருந்தது ஏழு பேர். பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். மேசை மேலிருந்த சின்ன விளக்கு சிவப்பானபோது நான் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓட்டெடுப்பு நடந்து வேலை போய்விட்டது. அந்த ஒன்பது பேர் மேல் எனக்குக் கோபமில்லை. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ஒரு பைசா சம்பளமில்லாமல் இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்திருக்கும் அக்கம்பக்கத்துக்காரர்கள் அவர்கள். நாமும் அங்கே உட்காரலாமே என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்த தேர்தலில் நின்றேன், தோற்றேன். அதில் வருத்தமில்லை. வருத்தம் வேறு. ஒரு வீட்டு வாசலில் மாக்கோலம் பார்த்து, நம் வீடு என்று மகிழ்ந்து மணியடித்தேன். அந்தத் தம்பி அன்பாகத்தான் பேசினார். "அக்கா, ஜனாதிபதி தேர்தலுக்கு மட்டும்தான் போடுவோம். இதுக்கெல்லாம் போறதில்லை" என்றார். மாநிலம் முழுக்கக் கணக்குப் பார்த்தால், கட்டுகிற சொத்து வரியில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது. அந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று முடிவு செய்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டைத்தான் அப்படியே விட்டுவிடுகிறோம்.

நிற்பதற்குப் பெரிய தகுதி எதுவும் வேண்டாம். 18 வயது, குடியுரிமை, வாக்காளர் பதிவு, அந்த ஊரில் ஒரு வருடக் குடியிருப்பு. கட்சிச் சின்னமும் கிடையாது. நவம்பரில் தேர்தல் நடக்கும் ஊர்களில், ஜூலை கடைசித் திங்கட்கிழமை மாலை 4 மணிக்குள் வேட்பு மனுவை கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஜெயித்தால் மூன்று வருடப் பதவி, கட்டாயப் பயிற்சி, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு. அவ்வளவுதான்.

சரி, போர்டில் உட்கார்ந்துவிட்டால் போதுமா? போதாது. அன்றைய கூட்டத்தில் நூலக ஆசிரியரை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "மாநில நிதி குறைந்துவிட்டது" என்றார்கள். அது உண்மைதான். 2018-ல் மாநிலத் தலைநகர் ட்ரெண்டனில் போட்ட சட்டப்படி, ஏழு வருடத்தில் படிப்படியாகப் பல ஊர்களுக்கு நிதி குறைந்தது, வேறு பல ஊர்களுக்குக் கூடியது. எந்த ஊருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்வது சட்டமன்றம். 40 தொகுதிகள், தொகுதிக்கு இரண்டு பேராக அதன் கீழவையான அசெம்பிளியில் 80 இடங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். ஆகவே சிலராவது அங்கேயும் போக வேண்டும்.

நம்மால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு உபேந்திர சிவுக்குலாவைச் சொல்வேன். நெல்லூரில் பிறந்து, நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். ஃபிராங்க்ளின் டவுன்ஷிப்பில் கவுன்சிலர், மேயர், அப்புறம் 2001 தேர்தலில் ஜெயித்து அசெம்பிளி. அந்த அவைக்குப் போன முதல் இந்திய அமெரிக்கர் அவர்தான். உள்ளூரில் தொடங்கி மேலே போனவர்.

அவர் காலத்தைவிட இப்போது வழியும் கொஞ்சம் திறந்திருக்கிறது. முன்பெல்லாம் உட்கட்சித் தேர்தல் வாக்குச்சீட்டில், கவுண்டி கட்சித் தலைமை ஆதரிப்பவர்களின் பெயர்கள் ஒரே வரிசையில் பளிச்சென்று நிற்கும். மற்றவர்கள் ஏதோ ஒரு மூலையில். அப்போது செனட் தேர்தலில் நின்ற ஆண்டி கிம் தொடுத்த வழக்கில் 2024 மார்ச்சில் நீதிபதி அதற்குத் தடை போட்டார். 2025 அசெம்பிளி உட்கட்சித் தேர்தல் அந்த வரிசை இல்லாமலேயே நடந்தது.

உச்சரிப்பை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று. நான் தட்டிய எந்தக் கதவிலும் யாரும் என் ஆங்கிலத்தைக் குறை சொல்லவில்லை. எந்தத் தெரு, பிள்ளை எந்தப் பள்ளி என்றுதான் கேட்டார்கள். குடியுரிமை இன்னும் வராதவர்களே, உங்களுக்கு ஓட்டில்லை, ஆனால் அந்தக் கூட்டத்தில் பேசும் மூன்று நிமிடம் உங்களுக்கும் உண்டு. காலி நாற்காலிகளில் வந்து உட்காருங்கள்.

குறிப்பாகத் தாய்மார்களிடம் கேட்கிறேன். தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவை நடத்துகிறவர்கள் நீங்கள். பட்ஜெட் கூட்டம் உங்களுக்கு மலையல்ல. நிற்கலாம் என்று நினைத்தால் சொல்லுங்கள். எங்கள் ஊராக இருந்தால் மனுவில் நான் கையெழுத்துப் போடுகிறேன். வேறு ஊராக இருந்தால், சனிக்கிழமை காலையில் உங்களோடு வீடு வீடாக வருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒரு அம்மா