வடிகால் போகிற இடத்தையும் பத்திரத்தில் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

மாதவரம், மணலி, திருவொற்றியூர் எல்லாம் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. புது மனைப்பிரிவு போட்டால் சாலையையும் பூங்கா இடத்தையும் மாநகராட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். சரி, நல்லதுதான். ஆனால் மழைநீர் வடிகாலோ கழிவுநீர்க் குழாயோ தனியார் மனைக்குள் போக வேண்டி வந்தால்?

எங்கள் தெருவில் பின்பக்கம் போகும் வடிகாலின் மேல் ஒருவர் சமையலறையே கட்டிவிட்டார். அடைத்துக்கொண்டால் தூர்வார வழியில்லை. மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர். "என் பத்திரத்தில் அப்படி எதுவும் இல்லையே" என்கிறார். பார்த்தேன், உண்மைதான். அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

குழாய்க்கு எத்தனை அடி விட வேண்டும், அதன்மேல் கட்டக்கூடாது என்பதை மனை வரைபடத்திலும் ஒவ்வொரு கிரையப் பத்திரத்திலும் எழுதவைத்த பிறகே மாநகராட்சி சாலைகளை ஏற்க வேண்டும்.

ஒரு வாசகர்,
மாத்தூர், சென்னை-68