போர்வெல் போடும் முன் மாடியைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டது. குக்கர் விசிலடித்ததும் நீ ஓடிவிட்டாய்.

போர்வெல் தண்ணீர் இறங்கிவிட்டது, இன்னொன்று போடலாமா என்று மாப்பிள்ளை யோசிப்பதாகச் சொன்னாய். அதற்கு முன் மழை நாளில் உங்கள் மொட்டை மாடித் தண்ணீர் எங்கே போகிறது என்று பார். பெங்களூர் வந்திருந்தபோது கவனித்தேன், குழாய் நேராகத் தெருச் சாக்கடையில் இறங்குகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் மாடி ஆயிரம் சதுர அடி, அதாவது சுமார் 93 சதுர மீட்டர். ஒரு மாலை 30 மில்லிமீட்டர் கொட்டினால் ஏறக்குறைய 2,800 லிட்டர். ஆறாயிரம் லிட்டர் லாரியில் கிட்டத்தட்டப் பாதி, சும்மா ஓடுகிறது.

உபதேசம் பண்ண எனக்கும் பெரிய யோக்கியதை இல்லை. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது, மாடித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கக் கடமைக்கு ஒரு குழி வெட்டிப் பைப்பைச் செருகிவிட்டு மறந்துவிட்டேன். 2019-ல் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்ததே, அந்தக் கோடையில் நம் கிணறும் தரை தட்டியது. அப்போதுதான் குழி மூடியைத் திறந்தேன். வேப்பஞ்சருகும் சேறும் கல் மாதிரி இறுகிக் கிடந்தன. நடுவில் நீ தொலைத்துவிட்டு அழுத அந்தப் பச்சை ரப்பர் பந்து! எத்தனை வருஷமாக அதில் ஒரு சொட்டு இறங்கவில்லையோ.

சேற்றை அள்ளி, ஜல்லியை மாற்றி, மாடிக் குழாய் வாயில் வலை கட்டினேன். அந்த ஐப்பசி மழையில் கிணற்றில் எத்தனை உறை ஏறியிருக்கிறது என்று அம்மா தினமும் எட்டிப் பார்த்து எண்ணினாள். இப்போதெல்லாம் புரட்டாசியில் குழியைத் திறந்து பார்க்காமல் விடுவதில்லை. உங்களுக்கு மழை முன்னாலேயே வந்துவிடும், சித்திரையிலேயே மாடியைப் பெருக்கிவிடு. முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடு.

அப்புறம் நீ போடப்போவதாகச் சொன்ன அந்தப் புல்தரை. வேண்டாம் கண்ணு. சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மோட்டார் போட்டு அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிற காவிரித் தண்ணீரைப் புல்லுக்கு ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. 2024 கோடையில் குடிதண்ணீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று உங்கள் ஊரில் அறிவித்தார்களே. அதற்குப் பதில் கறிவேப்பிலை, செம்பருத்தி வை. வேரைச் சுற்றித் தேங்காய் மட்டையும் சருகும் பரப்பினால் மண் சீக்கிரம் காயாது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார், ஈரம் இருந்தால் ஊற்றாதே. அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு, துணி கடைசியாக அலசிய தண்ணீர் வாழைக்கு. ஆர்.ஓ. மெஷின் தள்ளுகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதே, உப்பு. வீடு துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் பிடித்து வை.

போர்க்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். அடுத்த மாதம் வருகிறேன், குழிக்கு இடம் பார்ப்போம். அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் கட்டிவைத்திருக்கிறாள். பந்தையும் கொண்டுவரவா?

அன்புடன்,
அப்பா