இரண்டாம் பருவ நிறைவும் காய்ச்சல் காலமும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. அரையாண்டுத் தேர்விலும், விளையாட்டுப் போட்டிகளிலும், அறிவியல் கண்காட்சியிலும் நம் மாணவர்கள் பாராட்டத்தக்க வகையில் பங்கேற்றனர். அனைவருக்கும் வாழ்த்துகள்.

சில வாரங்களாக மனத்தை உறுத்தும் ஒன்றை இனி எழுதுகிறேன். அண்மையில் மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் காலை வழிபாட்டில் எல்லோருடனும் நின்று பாடினான்; பதினொன்றரை மணிக்கு ஸ்வெட்டரும் குல்லாவுமாக மேசையில் தலை சாய்த்து நடுங்கிக்கொண்டிருந்தான். பையில் பாராசிட்டமால் சிரப்பும், ‘மதியம் ஒரு மூடி கொடுக்கவும்’ என்ற துண்டுச் சீட்டும் இருந்தன. அந்த மருந்து சில மணி நேரம் காய்ச்சலைத் தணிக்குமே தவிர ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது. குளிருக்காகச் சன்னல்களை அடைத்த வகுப்பறையில் அது பரவ ஒரு காலைப்பொழுது போதும். நான்கு நாட்களுக்குள் அதே வகுப்பில் ஆறு பேர் படுத்துவிட்டனர்.

ஆகவே வெளிப்படையாகவே சொல்கிறேன். மருந்தால் காய்ச்சலை மறைத்துப் பிள்ளையை அனுப்புவதைப் பள்ளி இனி ஏற்காது. மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்த பிறகே வகுப்புக்கு அனுப்ப வேண்டும். விடுப்புக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். (முழு வருகைக்குப் பரிசு என்று அறிவித்தவர்கள் நாங்கள்தான், அதை இந்த ஆண்டோடு நிறுத்துகிறோம்.) ஒரு நாள் வீட்டிலிருந்தால் தோட்டத்தில் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதை நான் அறியாதவன் அல்லன். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள். பேசி ஒரு வழி காண்போம்.

நம் நாட்டில் ஃப்ளூ மழைக்காலத்தில் ஒருமுறையும், ஜனவரி முதல் மார்ச் வரை மறுமுறையும் தலைதூக்குகிறது. பின்னது நம் உறைபனியும் மூன்றாம் பருவமும் சேரும் காலம். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் உலகச் சுகாதார நிறுவனம் தடுப்பூசியில் சேர வேண்டிய வகைகளை ஆண்டுக்கு இருமுறை அறிவிக்கிறது. போன ஆண்டு போட்ட ஊசி இந்த ஆண்டுக்குப் போதாது. போட்டு இரண்டு வாரம் ஆன பிறகே எதிர்ப்பாற்றல் கூடும் என்பதால் விடுமுறையின் தொடக்கமே ஏற்ற நேரம். ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதல்முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவைப்படும். தேசியக் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை; எனினும் ஆஸ்துமா, இதயநோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோராவது மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். ஊசி போட்டாலே ஃப்ளூ வந்துவிடும் என்ற பேச்சு தவறு; ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ்தான். கை வலியோ லேசான காய்ச்சலோ ஓரிரு நாள் இருக்கலாம். 1907 முதல், தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டியர் நிலையம் இருக்கும் குன்னூர் மலையில் இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

சந்தேகங்களுக்கு 104 என்ற எண்ணை அழையுங்கள். பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

அன்று நாங்கள் அழைத்ததும் இலைக்கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்த அந்தத் தாயின் மீது எனக்குக் குறை ஏதுமில்லை. அவருக்கும், காய்ச்சல் என்றதும் காலையிலேயே தொலைபேசியில் தெரிவித்துவரும் பெற்றோர் அனைவருக்கும் என் நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்